மரக்காணம் கரையைப் பார்க்காமலே சுற்றி வருவது எப்படி?

பாண்டிச்சேரிக்குப் பலமுறை போய்வந்தவர் நீங்கள். வழியில் மரக்காணம் என்று ஓர் ஊர் இருப்பது, டீக்கு வண்டியை நிறுத்திய வகையில் தெரியும். இந்தமுறை அங்கே உள்ள பழைய இடங்களையும் ‘கவர்’ பண்ணிவிடுவது என்று குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. பயப்படாதீர்கள். கீழே சொல்வதை ஒழுங்காகச் செய்தால், எல்லா இடத்துக்கும் போய் எதையும் பார்க்காமல் திரும்பலாம். பாதி வித்தை உங்களுக்கு ஏற்கெனவே கைவந்ததுதான்.

1. காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக முதல்நாள் இரவே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் ஒன்பதரைக்காவது வண்டி நகரும். கோட்டையில் உச்சி வெயில், கோயிலில் சாத்திய நடை என்று இரண்டும் சரியாக அமைய இதைவிட நல்ல நேரம் இல்லை.

2. கடப்பாக்கத்தில் திரும்பி ஆலம்பரைக் கோட்டைக்குள் நுழையுங்கள். நுழைந்ததும், “இங்கேருந்து செஞ்சிக்குச் சுரங்கப்பாதை இருக்கு” என்று கணீரென்று அறிவியுங்கள். ஆதாரம் வேண்டாம். தமிழ்நாட்டில் சுரங்கப்பாதை இல்லாத கோட்டை ஏது? குதிரை மேலேயே போகலாம் என்று சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் உண்மையான கதையைக் கேட்கவே மாட்டார்கள். கேட்டால்தான் வம்பு. 1736 முதல் 1740 வரை, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் காலத்தில் கட்டியது. இங்கே நாணயம் அடித்தார்கள். உப்பும் நெய்யும் ஜரிகையும் கப்பலேறின. 1750-இல் பிரெஞ்சுக்காரரான டூப்ளேயின் கைக்குப் போனது. பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு எதற்கு அந்தத் தொல்லை? சுரங்கமே போதும்.

3. இனி பெயர் செதுக்கும் கலை. ஆலம்பரையின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புமாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். கருங்கல்லில் உளி வேண்டும். இங்கே வண்டிச் சாவி போதும். உப்புக்காற்றில் பூச்சு ஏற்கெனவே பொரிந்து நிற்கும். அதைப் பெயர்த்துவிட்டு, உள்ளே சிவப்பாகத் தெரியும் செங்கல்லில் முதலில் ஓர் இதயம் போடுங்கள். அம்பு கட்டாயம். பெயர்களின் முதலெழுத்து மட்டும் போதாது, வருடமும் வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குக் காலக்கணிப்பில் குழப்பம் வரக்கூடாது அல்லவா? பீரங்கிக்கும் 2004 சுனாமிக்கும் தப்பிய ஒரு மூலை அங்கே இன்னும் இருக்கிறது. மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள் அதைப் பிடியுங்கள்.

4. மரக்காணத்தை நெருங்கியதும் ரோட்டுக்கு இருபுறமும் உப்பளம் தொடங்கும். வண்டியை வளைவில், பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியாத மாதிரி நிறுத்துங்கள். செருப்போடு இறங்குங்கள். வரப்பில் நடக்காமல் பாத்திக்குள்ளேயே நடப்பது உத்தமம். அந்தத் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். மண் கலங்கினால் உப்பு கறுத்துவிடும். அதனால் என்ன, கடல் நிறைய உப்பு இருக்கிறதே! பிறகு குவித்துவைத்திருக்கும் உப்பின் மேல் ஏறிக் கையை விரித்துக்கொள்ளுங்கள், பனிமலை மாதிரி இருக்கும். தலையில் கூடையோடு வரப்பில் வரும் பெண்ணைப் படத்துக்காக இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். கூலி கூடைக்கா, நாளுக்கா என்று கேட்டுவிடாதீர்கள். படத்தின் ‘மூட்’ கெட்டுவிடும். கூலிங் கிளாஸை மட்டும் கழற்ற வேண்டாம். இந்த வெள்ளையில் வெயில் திருப்பியடித்துக் கண் கூசும். அந்த அம்மாளுக்குப் பழகியிருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கிளம்பும்போது ஒரு கிலோ கல்லுப்புகூட வாங்காதீர்கள். வீட்டில் ‘இமாலய உப்பு’ இருக்கிறது.

5. பூமீஸ்வரர் கோயில் நடை சாத்தியிருந்தால் வேலை சுலபம். திறந்திருந்தால் இப்படிச் செய்யுங்கள். நெற்றியில் இட்டதுபோக விரலில் மிச்சமிருக்கும் குங்குமத்தை எங்கே துடைப்பது என்று தேட வேண்டியதில்லை. சுவரில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ஆயிரம் வருடத்து எழுத்தில் குங்குமம் எவ்வளவு அழகாக அப்பிக்கொள்கிறது பாருங்கள்! விபூதி என்றால் இன்னும் ஆழமாக இறங்கும். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால், இந்த ஊரின் உப்பளங்களைப் பற்றி அந்தக் கல் சொல்வதை எந்த ஆய்வாளரும் படித்துத் தொலைக்க முடியாது. கல்வெட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்து பிரசாதம் சாப்பிடுங்கள். தொன்னையைச் சுவர் இடுக்கிலேயே செருகலாம்.

6. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுவதைப் பிள்ளைகளிடம் மூச்சுவிடாதீர்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனைக் கட்டைகள், படுத்துத் தூங்கும் ஒட்டகங்கள்போல இந்தக் கரையில் கிடந்தனவாம். பரதவப் பெண்கள் அந்த அகிலையே அடுப்பில் வைத்துத்தான் கள் காய்ச்சினார்களாம். வருகிற பாணனுக்குச் சுட்ட மீனோடு கொடுத்தார்களாம். இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் இறங்கிக் கடற்கரையில் தேடுவோம் என்பார்கள். ஏசி போய்விடும்.

7. கால்வாய். பாலத்தில் வேகத்தைக் குறைக்காதீர்கள். கீழே சாக்கடை என்று சொல்லிவிடுங்கள். ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இந்தப் பக்கம்தான் முடிகிறது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டியவர்கள் சென்னையில் அதன் ஒரு துண்டைத் தோண்டினார்கள். உப்புப் படகுகள் போன தண்ணீரில் உங்கள் காலித் தண்ணீர் பாட்டிலும் போகட்டும்.

8. திண்டிவனம் சாலையில் இருக்கும் பெருமுக்கல் மலைக்கு ஏறவே ஏறாதீர்கள். குகையில் ஆதிமனிதன் கீறிய கோடுகள் இருக்கின்றன; பார்த்தால் மூன்றாம் படியில் நீங்கள் போட்ட இதயம் சுமாராகத் தோன்றிவிடும். 1760-இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் இந்த மலைக்கோட்டையைப் பிடிக்கப்போய் முழங்காலில் குண்டடி பட்டார். உங்கள் மூட்டுவலிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

9. பாண்டியில் எந்த மாதா கோயிலுக்குப் போவது? ஸ்டேஷன் பக்கம் கண்ணாடி ஓவியங்களோடு சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் 1907-ஆம் வருடத்து இருதய ஆண்டவர் கோயில் படத்துக்கு எடுப்பாக இருக்கும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூசை நடக்கும் நேரமாகப் பார்த்து, பீடத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயில் வேண்டாம். அந்தக் கதை யார் பக்கமும் சாயாது. 1748-இல் பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை வயிறெரிந்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் மாதா கோயிலை இடித்தார்கள். இப்போது நிற்பது 1791-இல் முடித்தது. வாட்ஸப்பில் அனுப்ப வேண்டுமானால் இதில் ஒரே ஒரு இடிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எது என்பது உங்கள் குரூப்பைப் பொறுத்தது.

10. இரவு ஓட்டல் அறையில் கால் நீட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுங்கள். ஆலம்பரைக்கு ஒரு ஸ்டார்: “எல்லாம் இடிந்து கிடக்கிறது, பராமரிப்பு இல்லை, சுவரெல்லாம் கிறுக்கல்.” பூமீஸ்வரருக்கு இரண்டு: “பார்க்கிங் சிரமம்.” உப்பளத்துக்கு மூன்று: “உட்கார நிழல் இல்லை.” பெருமுக்கலை, போகவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். அதற்கும் ஒன்று போடலாம்.