38 டார்பிடோவும் ஒரு பால் கணக்கு நோட்டும்

வீட்டில் என் யோசனை எதுவும் எடுபடுவதில்லை. அதனால் 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்டவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களும் கேட்பதில்லைதான். ஆனால் பதிலுக்கு என் பழைய வண்டவாளங்களை எடுத்து விடுவதில்லை. அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தவர்கள்.

‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ கப்பல்காரர்களைச் சொல்கிறேன். 1995 ஜனவரியில் தொடங்கி 2001 மே வரை ஏழு பருவம் ஓடிய அமெரிக்கத் தொடர். முதல் கதையிலேயே ஒரு வேற்றுலகச் சக்தி இந்தக் கப்பலை அலாக்காகத் தூக்கி விண்மீன் மண்டலத்தின் மறுகோடியில் போட்டுவிடும். முழு வேகத்தில் ஓட்டினாலும் வீடு வந்து சேர 75 ஆண்டு ஆகும். இவர்கள் துரத்திக்கொண்டு போன ‘மாக்கி’ என்ற கலகக்காரர்களும் அங்கேயே வந்து மாட்ட, போலீசும் திருடனும் ஒரே கப்பலில் குடித்தனம். கேப்டன் ஜேன்வே தலைவி, கலகத் தலைவன் சக்கோட்டே துணைத் தலைவன். பழுது பார்க்கப் பட்டறை கிடையாது, கேட்டால் கொடுக்க மேலிடம் கிடையாது. ஒரு கதாசிரியனுக்கு இதைவிட என்ன சீதனம் வேண்டும்? அவ்வளவையும் வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டார்களே என்பதுதான் என் தீராத வயிற்றெரிச்சல்.

முதல் பருவத்திலேயே கறாராகச் சொல்லிவிடுகிறார்கள்: கையிருப்பு 38 ஃபோட்டான் டார்பிடோ, தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகா, இனி ஒவ்வொரு சண்டையிலும் வயிறு கலங்கும் என்று நம்பி, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன். கோடுகள் 38-ஐத் தாண்டின, பக்கத்தையும் தாண்டின. டார்பிடோ தீரவில்லை. சின்ன ஓடங்களும் அப்படியே. இந்த வாரம் ஒன்று கிரகத்தில் மோதி நொறுங்கும். அடுத்த வாரம் கொட்டகை நிறைய நிற்கும்.

நோட்டு மனைவி கையில் சிக்கியது.

“பால்காரர் ரெண்டு நாள் வரலை, அதைக் குறிக்கலை. எவனோ எங்கேயோ வெடி போட்டதுக்குக் கோடு போட்டு வெச்சிருக்கீங்க.”

நான் விளக்கினேன். அந்தக் காலத்து அமெரிக்கத் தொடர்களைப் பிறகு ஊர் ஊராக மறு ஒளிபரப்புக்கு விற்பார்கள். எந்தக் கதையை எந்த நாளில் போட்டாலும் புரிய வேண்டும். அதனால் வார முடிவில் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். இதைப் பதினைந்து நிமிடம் சொன்னேன்.

“அப்போ 38-னு எதுக்குச் சொன்னாங்க?” என்றாள் கீரையை ஆய்ந்துகொண்டே.

நான் பக்கம் பக்கமாக எழுதப் பார்த்ததும் இதைத்தான். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையில் உருப்படியான கேள்விகள் எல்லாம் அவளுடையவை. ஒளியாண்டு, டார்பிடோ போன்ற வார்த்தைகள் மட்டும் என்னுடையவை.

அடுத்து ஹாரி கிம். கப்பலில் கடைநிலை அதிகாரியான ‘என்சைன்’. முதல் நாள் என்சைன், ஏழாம் ஆண்டின் கடைசி நாளும் என்சைன். நடுவில் பாதுகாப்பு அதிகாரி டூவாக்குக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கப்பலை ஓட்டும் டாம் பாரிஸ் தப்புத்தண்டா செய்து பதவி இறங்கி, சிறையிலும் இருந்துவிட்டு, மறுபடி மேலே ஏறிவிட்டான். ஒழுங்காக இருந்த பையனுக்கு ஒன்றுமில்லை. இத்தனைக்கும் இரண்டாம் பருவத்தில் ஹாரி செத்தே போகிறான்! கப்பல் இரண்டாகப் பிரதியாகி, இந்தக் கப்பலின் ஹாரி இறந்துபோக, அந்தக் கப்பலின் ஹாரி இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறான். செத்துப்போன தன் நாற்காலியில், பாதி அந்நியமான நண்பர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவனின் மனசு எப்படி இருக்கும்? ஒரு பருவம் முழுக்க எழுதலாம். அவன் பாட்டுக்குக் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருக்கிறான்.

“முப்பது வருஷம் ஒரே சீட்டுல உட்கார வெச்சா மனுஷன் என்ன ஆவான்!” என்று நான் பொங்கினேன்.

“அவனுக்கு ஏழு வருஷம்தானே?” என்றாள். பிறகு, “அவன் வாய்விட்டுக் கேட்டானா?”

கேட்டான். பாரிஸுக்குப் பதவிச் சின்னம் வைத்த சின்னப் பெட்டி வந்தபோது, என் நாற்காலியில் பெட்டி எதையும் காணோமே என்று சொல்லிக் காட்டினான்.

“பரவாயில்லையே, உங்களைவிடத் தேவலை.”

மாக்கிக் கலகக்காரர்களைப் பார்ப்போம். இரண்டு மருமகள்களை ஒரே அடுப்படியில் விட்டாற்போல் புகைந்திருக்க வேண்டாமா? சில வாரம் முணுமுணுப்பு, ஒரு மூக்குடைப்பு, அவ்வளவுதான். பிறகு எல்லாரும் ஒரே சீருடையில் ஒரே குரலில் “சரி கேப்டன்” என்கிறார்கள். மூன்றாம் பருவத்தில் ஒருநாள் கப்பலில் கலகம் வெடித்தே விட்டது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பார்த்தால், அது ‘ஹோலோடெக்’ என்ற மாயக்காட்சி அறையில் ஆடும் கதை. அப்படி ஒரு கலகம் வந்தால் சமாளிக்கப் பயிற்சியாக இருக்கட்டும் என்று டூவாக் எழுதி வைத்தது. தொடர் சொல்லியிருக்க வேண்டிய கதையைத் தொடருக்குள்ளேயே ஒருவர் எழுதியிருக்கிறார்; மற்றவர்கள் அதைப் பொழுதுபோக்காக விளையாடுகிறார்கள்!

அந்த மூக்குடைபட்டவர் பெயர் கேரி. தலைமைப் பொறியாளர் பதவியும் மூக்கை உடைத்த மாக்கிப் பெண் பெலானாவுக்கே போனது. முதல் பருவத்துக்குப் பிறகு ஆளையே காணோம்; பழைய காலத்துக்குப் போகும் கதைகளில் தலைகாட்டியதோடு சரி. வீடு சேரச் சில வாரமே இருக்கும்போது திரும்பக் கூட்டிவந்து, பாட்டிலுக்குள் அவர் கட்டிக்கொண்டிருந்த குட்டிக் கப்பலையும் முடிக்கவிடாமல் கொன்றார்கள்.

ஆனால் மனைவிக்குத் தொடர்மேல் கோபம் வந்தது வேறொரு கதையில். டாம் பாரிஸ் எல்லையற்ற வேகத்தில் பறந்து, உடம்பெல்லாம் மாறி, கேப்டனையும் தூக்கிக்கொண்டு போக, இருவரும் பல்லிபோல ஏதோ ஜந்துவாகி, ஒரு சதுப்பு நிலத்தில் மூன்று குட்டி போட்டுவிடுகிறார்கள். டாக்டர் இருவரையும் பழையபடி மனிதராக்குகிறார். கப்பல் கிளம்பிவிடுகிறது.

“குழந்தைங்க?”

“அங்கேயே...”

“விட்டுட்டு வந்துட்டாங்களா? அடுத்த வாரம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தம்மா கப்பல் ஓட்டுது?”

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அந்தக் குட்டிகளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ‘ஈக்வினாக்ஸ்’ என்ற இன்னொரு கப்பலில் பிழைத்த ஐந்து பேரைப் பதவி பறித்து ஏற்றிக்கொண்டார்களே, அவர்களும் கதவு மூடியதோடு மாயம். “அந்த அஞ்சு பேரும் சாப்பிட்டாங்களா?” என்று இவள் இன்றைக்கும் கேட்கிறாள். கடைசிக் கதையில் கப்பல் பூமியைக் கண்ணால் பார்த்ததும் ‘சுபம்’ போட்டுவிட்டார்கள். ஏழாண்டாக வீடு வீடு என்று அரற்றியவர்கள் வாசற்படி ஏறுவதைக் காட்டவில்லை. கலகக்காரர்களைக் கைது செய்வார்களா, மாலை போடுவார்களா? தெரியாது.

இந்த வயிற்றெரிச்சல் எனக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரொனால்ட் மூர் என்ற எழுத்தாளர் 1999-இல் இந்தத் தொடருக்கு எழுத வந்து, சில கதைகளோடு விலகிவிட்டார். பிறகு அவர் மறு ஆக்கம் செய்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொடரிலும் வீடிழந்து அலையும் கப்பல்கள்தாம். அங்கே பெண் ஜனாதிபதி ஒருவர், உயிரோடிருப்போர் எண்ணிக்கையை வெள்ளைப் பலகையில் எழுதி, ஒருவர் இறந்தாலும் அழித்து எழுதுவார். மனைவிக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது.

வாயேஜர்காரர்களுக்கு எழுதத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1997 நவம்பரில் வந்த ‘இயர் ஆஃப் ஹெல்’ என்ற இரண்டு பகுதிக் கதையே சாட்சி. ஓராண்டு அடிமேல் அடி. கப்பல் சல்லடையாகிறது, டூவாக்குக்குக் கண் போகிறது. பிறந்தநாள் பரிசாகச் சக்கோட்டே கொடுத்த கடிகாரத்தை, இதைச் செய்த சக்திக்கு ஒருவேளைச் சாப்பாடு ஆகியிருக்கும் என்று கேப்டன் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். “இப்பத்தான் குடும்பம் நடத்தக் கத்துக்கிட்டிருக்கு” என்று இவள் முதல்முறையாகப் பாராட்டினாள். ஒரு முழுப் பருவமாக ஓட வேண்டிய கதை. இரண்டாம் பகுதி முடிவில் காலச் சக்கரத்தைத் திருப்பி, எதுவும் நடக்கவில்லை என்று துடைத்துவிட்டார்கள்.

அந்தக் கதையின் வில்லன் அன்னோராக்ஸ். இறந்த மனைவியை மீட்கத்தான் அவன் இருநூறு ஆண்டு கணக்குப் போட்டு, வரலாற்றிலிருந்து இனம் இனமாக அழிக்கிறான். எல்லாம் துடைபட்ட பின், பழைய வீட்டில் அதே கணக்கோடு உட்கார்ந்திருக்கிறான். மனைவி வந்து, வேலையை விட்டுவிட்டு என்னோடு வா என்கிறாள். எழுந்து போகிறான்.

நான் உணர்ச்சிவசப்பட்டு, இது ஒன்றுதான் நியாயமாகத் துடைத்த இடம் என்றும், அவர்கள் மறந்தாலும் பார்த்த நாம் மறக்கவில்லை, கதைக்கு வேண்டியது அந்த ஞாபகம்தான் என்றும் விரிவுரை தொடங்கினேன்.

“முதல் தடவை கூப்பிட்டப்பவே எழுந்து போயிருந்தா இவ்வளவு பேர் செத்திருக்க வேண்டாமே” என்றாள் அவள். “சிலிண்டர் பதியச் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டேன், அதுக்கு ஏதாவது கோடு போட்டிருக்கீங்களா?”

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். டார்பிடோவுக்கே இடம் போதவில்லை.