முப்பத்தைந்து டாலர் புராணம்

பாயிரம்

நம்மூரில் பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, இரண்டு வீட்டாரும் சண்டை போட்டுச் சமாதானமான பிறகுதான் முகூர்த்தம் குறிப்பார்கள். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமோ முதலில் முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பெண் தேடக் கிளம்பியது. அந்தப் பெண்ணின் பெயர் ஆகாஷ். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பேர் வாங்கிய மகராசி.

இவ்வளவு பேர் எதிர்பார்த்து, இவ்வளவு கொஞ்சம் பேர் கண்ணால் பார்த்த கம்ப்யூட்டர் இந்தத் தேசத்தில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை. அதன் திருக்கதையைப் படலம் படலமாகச் சொல்கிறேன். கேட்பவர்கள் சார்ஜரைக் கையோடு எடுத்து வரவும்.

திருப்பதிப் படலம்

ஆதியில் நெக்ரோபோன்டே இருந்தார். அமெரிக்காவின் எம்ஐடியில் பெரிய ஆள். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் லேப்டாப் தருகிறேன் என்று 2005இல் கிளம்பினார். இந்தியாவும் வாங்கும் என்று எதிர்பார்த்தார். 2006இல் நம் அமைச்சகம் முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த லேப்டாப்பால் குழந்தைகள் படித்து உருப்படுவார்கள் என்பதே சந்தேகம் என்பது அதிகாரிகளின் வாதம்.

வேண்டாம் என்று சொன்னதோடு விட்டிருக்கலாம். ஆனால் நமக்கு ரோஷம் ஜாஸ்தி. நூறு என்ன நூறு, நாங்கள் பத்து டாலருக்கே செய்து காட்டுகிறோம் என்று பேச்சு கிளம்பியது. பத்து டாலர் என்பது அன்றைய கணக்கில் ஐந்நூறு ரூபாய்க்கும் கீழே. வெளிநாட்டுப் பத்திரிகைகள் மூக்கில் விரல் வைத்தன. ஒரு திரைக்கு மட்டுமே இதைவிட அதிகம் ஆகுமே, எப்படிச் செய்வார்கள் என்று நிபுணர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள்.

2009 பிப்ரவரியில் திருப்பதியில் அந்த அற்புதம் வெளிவந்தது. சுமார் பத்து அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம். லேப்டாப் என்று வந்தவர்கள் திறந்து பார்க்க முயன்றிருப்பார்கள். திறக்க அதில் ஒன்றுமில்லை. திரை இல்லை, கீபோர்டு இல்லை. பாடங்களைச் சேமித்து வைக்கும் ஒரு பெட்டி அது. உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டுமானால் அதை ஒரு கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். அதாவது, பத்து டாலர் லேப்டாப்பைப் பயன்படுத்த ஒரு லேப்டாப் வாங்கியாக வேண்டும். விலையும் பத்தில்லை, முப்பதுக்குப் பக்கத்தில் என்றார்கள். திரைக்கு ஆகும் செலவை எப்படிச் சமாளிப்பார்கள் என்ற நிபுணர்களின் சந்தேகம் மட்டும் தீர்ந்தது: திரையே வைக்காமல் சமாளித்தார்கள்.

ஏழுமலையானே சாட்சியாக இருந்ததால் யாரும் அதிகம் திட்டவில்லை.

விலைப் படலம்

2010 ஜூலை. இப்போது அமைச்சர் கபில் சிபல். வக்கீல், எந்தக் கட்சிக்காரருக்கும் வாதாடி ஜெயிக்கக் கூடியவர். அவர் கையில் ஒரு மாதிரி டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு 35 டாலர் என்றார். அதோடு நிறுத்தவில்லை. போகப்போக இருபது ஆகும், கடைசியில் பத்துக்கு வந்துவிடும் என்றார். மேடையில் நிற்க நிற்க விலை இறங்கிக்கொண்டே போன ஒரே பொருள் அதுதான். இன்னும் அரை மணி நேரம் பேசவிட்டிருந்தால் வாங்குகிறவனுக்குக் கையில் கொஞ்சம் காசும் கொடுத்து அனுப்பியிருப்பார்.

அந்தக் காலகட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதே வருடம் ஏப்ரலில்தான் அமெரிக்காவில் ஐபேட் விற்பனைக்கு வந்திருந்தது. நம் ஊருக்கு அது முறையாக வந்தது 2011 ஜனவரியில். ஆரம்ப விலை ரூ.27,900. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் அதை எடுத்து விரலால் தள்ளினால், நாம் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஒரு மத்திய மந்திரி வந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குத் தருகிறேன் என்றால், ஜனங்களின் மனசு என்ன ஆகும்? ஐபேடைத்தான் மந்திரி தள்ளுபடியில் தருகிறார் என்று மனசு அதுவாக முடிவு கட்டிக்கொண்டது. மந்திரி அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

வேண்டாம் என்று நாம் திருப்பி அனுப்பிய நெக்ரோபோன்டே கூட இதைக் கேட்டு, என் தொழில்நுட்பம் அத்தனையும் உங்களுக்குத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாக எழுதினார். விலையைக் கேட்டு அவரே நம்பிவிட்டார் என்றால், நானும் நீங்களும் எம்மாத்திரம்.

வெளியீட்டுப் படலம்

டெண்டர், பேங்க் கியாரண்டி என்று கொஞ்ச காலம் ஓடியது. கடைசியில் டேட்டாவிண்ட் என்ற கம்பெனி கிடைத்தது. கனடாவைச் சேர்ந்த துலி சகோதரர்கள் நடத்தியது. மேற்பார்வை ஐஐடி ராஜஸ்தான். அதுவே 2008இல் பிறந்த குழந்தை. சொந்தக் கட்டடம் இன்னும் எழும்பாத ஐஐடி.

2011 அக்டோபர் 5, டெல்லியில் ஆகாஷ் வெளியீடு. அரசு வாங்கியது சுமார் 2,250 ரூபாய்க்கு. மானியம் போக மாணவனுக்கு 1,750. அன்றைய மாற்று மதிப்பில் அது கிட்டத்தட்ட 35 டாலர். கவனித்தீர்களா? பொருளின் விலை இறங்கி 35க்கு வரவில்லை. 35 வரும்வரை அரசு மிச்சத்தைத் தன் பாக்கெட்டிலிருந்து போட்டது. குறித்த முகூர்த்தம் தப்பக்கூடாது இல்லையா.

பொருளையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். ஏழு அங்குலத் திரை. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன். 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், ஆண்ட்ராய்டு 2.2. பேட்டரி கம்பெனிக் கணக்கிலேயே மூன்று மணி நேரம். கேமரா இல்லை. ஆண்ட்ராய்டு என்றாலும் கூகுளின் ஆப் கடை இல்லை. இணையம் வைஃபையில் மட்டும். அன்றைக்கு நம் கல்லூரிகளில் எத்தனையில் வைஃபை இருந்தது என்பதைக் கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். திரை ரெசிஸ்டிவ் வகை. அதாவது தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். விரல் நுனியைவிட நகம் நன்றாக வேலை செய்யும். ஒரு ஐகானை அழுத்துவீர்கள், ஒன்றும் நடக்காது. காது கேட்கவில்லையோ என்று மறுபடி அழுத்துவீர்கள். இப்போது இரண்டு அழுத்தலும் சேர்ந்து வேலை செய்து, நீங்கள் கேட்காத ஒன்று திறக்கும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதில் இரண்டு முழு அளவு யூஎஸ்பி துளைகள் இருந்தன. பென் டிரைவைச் செருகலாம், கீபோர்டைச் செருகலாம். 27,900 ரூபாய் ஐபேடில் இது நடக்காது. ரூ.2,250க்கு நிஜமாகவே ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரைச் செய்தது சாமானியமான காரியமும் இல்லை. பாவம், அந்தப் பொருள் தன் விலைக்கு மோசமில்லை. அதன் பேரில் ஜனங்கள் கட்டியிருந்த கனவோடு ஒப்பிட்டதில்தான் தோற்றது.

விழா முடிந்து மறுநாள் பொழுது விடிந்தபோது கலிஃபோர்னியாவிலிருந்து செய்தி வந்தது: ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானார். அங்கே அப்போது ஆகாஷ் வெளிவந்த அதே தேதி. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டீக்கடையில் பலமுறை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இடையே, டெல்லி டேப்லெட்டைத் தேடிக்கொண்டிருக்க, சென்னை பேசாமல் காரியத்தை முடித்துவிட்டது. ஆகாஷுக்கு மூன்று வாரம் முன்பே, செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் அருகே காக்களூரில் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். திரை இருந்தது, கீபோர்டு இருந்தது, விண்டோஸ் இருந்தது. விலை பூஜ்யம். பிளஸ் டூ பையன்கள் அதில் படித்தார்களோ இல்லையோ, படம் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் அறிவு அங்கேதானே ஆரம்பிக்கிறது.

முன்பதிவுப் படலம்

2011 டிசம்பரில் பொதுமக்களுக்கும் ஆன்லைனில் முன்பதிவு திறந்தது. ரூ.2,500. கொஞ்சம் மேம்பட்ட மாடல் வேண்டுமென்றால் ரூ.2,999. இரண்டே வாரத்தில் 14 லட்சம் பதிவுகள் என்றது கம்பெனி.

இந்த 14 லட்சம் பேரும் எதைப் பதிவு செய்தார்கள்? அன்றைக்கு ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் பெரியப்பாவும் தம்பி மகளும் உட்கார்ந்திருந்தால் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

“ஏம்மா, இதுல போன் பேசலாமா?”

“இல்ல பெரியப்பா, இது டேப்லெட்.”

“எஃப்எம் வருமா?”

“தெரியல பெரியப்பா.”

“கேமரா?”

“போடல.”

“பின்ன என்னதான் தெரியும் உனக்கு?”

“ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.”

“அப்படியா? சரி, ரெண்டா போடு. ஒண்ணு உங்க பெரியம்மாவுக்கு.”

அவ்வளவுதான். வாங்கியவர்கள் பொருளை வாங்கவில்லை, விலையை வாங்கினார்கள். மிச்ச இடத்தையெல்லாம் ஆளாளுக்கு நிரப்பிக்கொண்டார்கள். மாணவனுக்கு அது பாடப்புத்தகம். அப்பாவுக்கு மகன் ஊர் சுற்றாமல் இருக்க ஒரு வழி. மகனுக்கு ஊர் சுற்றாமலே எல்லாவற்றையும் பார்க்க ஒரு வழி. தாத்தாவுக்கு, கிரிக்கெட் பார்க்க ஒரு தனி டிவி. ஆக, ஒரே டேப்லெட்டுக்குள் நான்கு டேப்லெட். அத்தனையும் 256 எம்பி ரேமில்.

பதிவு செய்தவர்கள் காத்திருந்தார்கள். மாதங்கள் போயின. காத்திருந்த பலருக்கும் பொருளைவிட அதைப் பற்றிய செய்திதான் அதிகம் வந்து சேர்ந்தது.

மழைப் படலம்

இதற்குள் ஐஐடி ராஜஸ்தானுக்கும் கம்பெனிக்கும் குடுமிப்பிடி தொடங்கியிருந்தது. சோதனையில் பொருள் தேறவில்லை என்றது ஐஐடி. சோதனையே நியாயமில்லை என்றது கம்பெனி. ராணுவத் தளவாடங்களுக்கு வைக்கிற பரீட்சையை எங்களுக்கு வைக்கிறார்கள், மணிக்கு நாலு அங்குல மழையில் டேப்லெட் நனையாமல் தாங்க வேண்டுமாம் என்று புலம்பியது.

மாணவர்களுக்கான கருவியை மழையில் வைத்துப் பார்த்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் அரசுப் பள்ளிகளின் கூரைகளை நேரில் பார்த்த யாரோ ஒருவர் அந்தக் கமிட்டியில் இருந்திருக்க வேண்டும். ஆனால் ராணுவத் தரத்துக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் ராணுவ விலை கொடுக்க வேண்டும். 1,750 ரூபாய்க்கு மழையில் நனையாத குடையே அபூர்வம்.

2012இல் பொறுப்பு ஐஐடி பம்பாய்க்குக் கைமாறியது.

ஐ.நா. படலம்

பம்பாய்க்காரர்கள் காரியவாதிகள். மழையை மறந்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ் 2ஐ வெளியிட்டார். இந்த முறை தொட்டால் கேட்கும் திரை, 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், 512 எம்பி ரேம். முதல் ஆகாஷ் இதுவாக வந்திருந்தால் புராணத்துக்குப் பதில் வரலாறு எழுதியிருப்பேன்.

அந்த மாதக் கடைசியில் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்திலேயே ஆகாஷ் 2ஐக் காட்டினார்கள். பொதுச் செயலாளர் பான் கி மூன் பாராட்டினார். பதிவு செய்துவிட்டுப் பல மாதம் காத்திருந்த மதுரைக்காரர் டிவியில் இதைப் பார்த்து, ஆகாஷை முதன்முறையாகத் தரிசித்திருப்பார்.

அதே நேரத்தில் இன்னொரு செய்தியும் வெடித்தது. பொருள் சீனாவிலிருந்து வந்தது என்றார்கள். அவசரத்துக்கு முதல் பத்தாயிரத்துக்கான உதிரிகளை மட்டும் சீனாவில் தயார் செய்தோம், கடைசியாகப் பூட்டியது இந்தியாவில்தான் என்றது கம்பெனி. உலகத்தில் பாதி எலெக்ட்ரானிக்ஸ் அப்படித்தான் வருகிறது. ஆனால் அவையெல்லாம் தேசியப் பெருமையாக மேடை ஏறவில்லை, ஆகாஷ் ஏறியது.

கபில் சிபல் அதற்குள் இந்த இலாகாவை விட்டுப் போயிருந்தார். புதிய அமைச்சர் பள்ளம் ராஜு, 2013இல், கருவி கருவி என்று அதையே பிடித்துத் தொங்க வேண்டாம் என்கிற பொருள்படப் பேசினார். நாலு வருஷம் கழித்து வந்த ஞானோதயம். 2015 மார்ச்சோடு திட்டமே மூட்டை கட்டப்பட்டது.

உப புராணம்

புத்தி வந்ததா என்றால், 2016 பிப்ரவரியில் ஃப்ரீடம் 251 வந்தது. 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன். மொய் எழுதுகிற தொகை. கூட்டம் முண்டியடித்ததில் இணையதளம் படுத்தது. பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டிய மாதிரி போனில் வேறொரு கம்பெனியின் பெயரை ஒயிட்னர் போட்டு மறைத்திருந்தார்கள். பரீட்சைப் பேப்பரில் தப்பை மறைக்கிற அதே ஒயிட்னர். முன்பதிவுக்கு அப்போதும் ஆள் குறையவில்லை. பெரியப்பாக்கள் இந்த முறை ரெண்டு போடச் சொல்லவில்லை, பத்து போடச் சொன்னார்கள்.

நூற்பயன்

இந்தப் புராணத்தைச் சிரத்தையோடு படித்தவர்களுக்கு வந்து சேரும் பலன்கள்: மேடையில் விலையைச் சொன்னதும் பர்ஸ் தானாகத் திறக்காது. “எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன் “எங்கே, காட்டு” என்று கேட்கும் புத்தி வரும். காட்டினால் அதைப் புரட்டிப் பார்த்து ஒயிட்னர் இருக்கிறதா என்று சுரண்டும் தைரியம் வரும். திரை இருக்கிறதா என்று சரிபார்க்கும் பழக்கமும் வரும்.

படித்த பிறகும், யாராவது 99 ரூபாய்க்கு லேப்டாப் என்று அறிவித்தால், லிங்க் கிடைத்தவர்கள் எனக்கும் அனுப்பவும்.