கடல் மட்டத்துக்கு மேலே ஐந்து மீட்டர்

கோலார் தங்கவயலில் உள்ள எங்கள் ஊரிகம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள சுரங்கங்களில் மிக ஆழமான சாம்பியன் ரீஃப், தரையிலிருந்து 3,200 மீட்டர் வரை இறங்கியது. கழித்துப் பாருங்கள். கடற்காற்றே படாத எங்கள் ஊர் ஆட்கள் கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே நின்று பாறை உடைத்திருக்கிறார்கள். அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அப்பா வேலை பார்த்த லெவல் அவ்வளவு ஆழமில்லை. ஆனாலும் கடல் மட்டத்துக்குக் கீழேதான். அவருடைய பிள்ளைகள் நாங்கள் இப்போது கடலோரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். எந்த மனைக்குப் போனாலும் நாங்கள் முதலில் கேட்பது, இந்த இடம் கடல் மட்டத்துக்கு மேலே எத்தனை மீட்டர் என்றுதான்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊர், விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிற ஊராகிவிட்டது. நானும் தங்கையும் பெங்களூரிலேயே தங்கிவிட்டோம். தம்பி ஓசூரில். அண்ணன் மட்டும் ஊரிகத்தில், அம்மாவோடு. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஊரை விட்டு நிரந்தரமாக வரமாட்டார். ஆனால் வேனில் காற்றில் சைனைட் மேட்டுத் தூசி பறக்கும்போது ஜன்னலைச் சாத்தியும் சோற்றில் அது வந்து படிகிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மாவு போன்ற மண் அது, ஊரைச் சுற்றிக் குன்று குன்றாக நிற்கிறது. வேனிலின் அந்த இரண்டு மாதம் அம்மா வேறெங்காவது இருக்கவேண்டும், பேரப்பிள்ளைகள் லீவில் அங்கே வந்து சேரவேண்டும். எங்கே என்று கேட்டதற்கு அம்மா யோசிக்காமல் சொன்ன பதில், "கடல் பக்கம்."

1970களில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணி. எங்கள் வரிசையில் மாதா கோயிலுக்குப் போகிற வீடும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடும் அடுத்தடுத்து இருந்தன. வேளாங்கண்ணிக்கு இரண்டு வீடும் சேர்ந்துதான் புறப்படும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பிறகு, செப்டம்பர் 8 திருவிழாவுக்குள் எப்படியாவது போய்விடவேண்டும். ஊரிகம் ஸ்டேஷனில் ஏறி பங்காரப்பேட்டை, அங்கிருந்து காட்பாடி, காட்பாடியில் மீட்டர் கேஜ் வண்டி மாறி விழுப்புரம், பிறகு மாயவரம், நாகப்பட்டினம். ரூம் எடுத்துத் தங்கிய நினைவே எனக்கு இல்லை. கோயில் கொட்டகையில் இடம் கிடைத்தால் அங்கே, கிடைக்காவிட்டால் மணலில் பாய் விரித்துப் படுப்போம். செலவு ரயில் டிக்கெட்டோடும் மெழுகுவர்த்தியோடும் முடிந்துவிடும். சுற்றிலும் நம் லைன் ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்பதுதான் பாதுகாப்பு.

அப்பா மட்டும் எங்களை அலையோரத்தில் படுக்கவிடமாட்டார். தண்ணீருக்கு வெகுதூரம் தள்ளி, தரை சற்று ஏறியிருக்கிற இடமாகப் பார்த்துத்தான் எங்கள் பாயை விரிப்பார். சுரங்கத்தில் அவருக்கு மரம் கட்டுகிற வேலை. வெட்டியெடுத்த இடத்தில் மேல்பாறை இறங்காதபடி கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தவேண்டும். முட்டுக் கொடுக்கும் முன் கடப்பாரையால் பாறையைத் தட்டிக் கேட்பார்கள். கணீரென்றால் உறுதி; பொத்தென்றால் உள்ளே விட்டிருக்கிறது, உடனே விலகவேண்டும். அந்தப் பழக்கம் அவர் கையை விட்டுப் போகவே இல்லை. கல்யாண வீடானாலும் சத்திரமானாலும் நுழைந்ததும் மேலே பார்ப்பார், சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்களிடம் அவர் சொல்வது எங்களுக்கு மனப்பாடம்: "மொதல்ல தலைக்கு மேல இன்னா கீதுன்னு பாரு. அப்பறம் வெளிய போக வேற வழி கீதான்னு பாரு. அதுக்கப்பறம் வேலையப் பாரு."

இரண்டாவது வழி என்பது சுரங்கச் சட்டமே கேட்கிற விஷயம். ஒரு ஷாஃப்ட் அடைபட்டால் இன்னொன்றின் வழியாக ஆட்கள் மேலே வரமுடியவேண்டும். ஆழம் கூடக்கூட அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். எங்கள் ஊரில் அதை 'ஏர் பிளாஸ்ட்' என்போம். வெடித்தால் மேலே லைன் வீட்டுத் தகரம் அதிரும், அலமாரியில் பாத்திரம் உருளும். அடுத்த நிமிடம் பெண்கள் எல்லோரும் ஷாஃப்ட் பக்கம் ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஓடிய கூட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடியிருக்கிறேன். வீட்டுக்குப் பாதுகாப்பான இடம் எது என்ற கேள்வி என்னைப் பொறுத்தவரை அந்த ஓட்டத்திலிருந்து தொடங்குகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. வேளாங்கண்ணிக் கரை முழுக்க வெளியூர்க் கூட்டம். தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பலியான சுமார் 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். கரைக்கடைகளோடு பக்தர்களும் அடித்துச் செல்லப்பட்டார்கள், கோயில் நின்றது. அன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அப்பா பாய் விரித்த இடம் ஞாபகம் வந்தது. எங்களில் யாரும் அதைப் பயம் என்று பிறகு சொன்னதில்லை.

தம்பி முதலில் கேட்டது மாமல்லபுரம். சென்னை விலை இப்போது அங்கேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதோடு தொல்லியல் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கு மேலும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. தங்கை கோகர்ணம் என்றாள். அழகான கரை, ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். மலைத்தொடரைக் கடந்து அம்மாவை அவ்வளவு தூரம் கூட்டிப்போவதும் நடக்காது. புதுச்சேரியில் கடல் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கட்டிய தடுப்புச்சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை கரைந்தது. நகரத்துக் கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி மீனவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தரங்கம்பாடியிலும் அதே பாடம்தான். 1306இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. கோயில் கட்டியவர்கள் அலையின் மேல் கட்டியிருக்கமாட்டார்கள். கடல்தான் நடந்து வந்திருக்கிறது.

கடலூருக்குத் தெற்கே ஒரு தரகர் எங்களை ஒரு கரைக்கு அழைத்துப் போனார். "வாசல்ல இருந்து அலையைத் தொடலாம் சார்" என்றார் தம்பியிடம். உண்மைதான். மனையின் நடுவில் நான்கு ஃபைபர் படகுகளை ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு அம்மா தார்ப்பாயில் நெத்திலியைப் பரப்பி, கையால் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். இந்த இடம் யாருடையது என்று நான் அவரிடம் கேட்டேன். "பட்டா யார் பேர்ல இருக்கோ தெரியாதுக்கா. எங்க மாமியா காலத்துலேருந்து கருவாடு இங்கதான் காயுது" என்றார்.

அதற்கு மேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை. நாங்கள் வளர்ந்த லைன் வீடும் இப்படித்தான். தாத்தா, அப்பா, நாங்கள் என்று மூன்று தலைமுறை அதில் பிறந்து வளர்ந்தோம்; பட்டா எங்கள் பேரில் இல்லை. சுரங்கம் மூடிய பிறகு, இந்த வீட்டிலிருந்து எந்த நாளும் போகச் சொல்லலாம் என்ற நினைப்போடு அம்மா எத்தனையோ வருடம் தூங்கியிருக்கிறார். சுனாமிக்குப் பிறகு, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்த மீனவர்களை உள்ளே தள்ளிப் புது வீட்டுக்குப் போகச் சொன்னது அரசாங்கம். அவர்கள் விட்டுப் போன மணலில் லீவு வீடு கட்டிக்கொண்டு பெங்களூர்க்காரர்கள் போய் உட்காருவது நியாயமே இல்லை. சட்டமும் அனுமதிக்காது. அலை ஏறும் உச்சக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். ஊர்ப்புறக் கரையில் 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது என்பதுதான் 1991 முதல் விதி. மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு மட்டும் 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. தரகர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. சட்டம் அனுமதித்தாலும் அந்த மனை வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். அவனும் மறுக்கவில்லை.

கடைசியில் பரங்கிப்பேட்டையில் வந்து நிற்கிறோம். வெள்ளாறு கடலில் சேருகிற ஊர். ரயில் நிலையம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சிதம்பரம் அண்ணாமலை நகரில், சாலை சரியாக இருந்தால் அரை மணி நேரத்தில் போகலாம். அம்மாவை வைத்துக்கொண்டு நாங்கள் கடலை விட முக்கியமாகப் பார்த்தது இதைத்தான். சுற்றுலாக் கூட்டம் பிச்சாவரத்துக்குப் போய்விடுவதால் இங்கே மனை விலை இன்னும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுகிறது. ஊருக்கும் எங்களுக்கும் பழைய தொடர்பும் உண்டு. ஊரிகத்துக்குப் பக்கத்தில், பங்காரப்பேட்டைத் தாலுகா பூதிகோட்டையில் பிறந்த ஹைதர் அலி, 1781 ஜூலை 1ஆம் தேதி ஆங்கிலேயப் படையிடம் தோற்றது இந்தப் பரங்கிப்பேட்டையில்தான். 1830இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு ஆலை தொடங்கியதும் இங்கேதான். அந்த ஆலை மூடிய பிறகும் ஊர் பிழைத்துக்கொண்டது என்பதை அண்ணன் இரண்டு முறை சொன்னார். ஆலை மூடிய ஊரில் வாழ்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

குறை இல்லாத இடமில்லை. வடக்கே கடலோரத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் இருக்கிறது. இன்னும் வடக்கே கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகள். தூசியிலிருந்து அம்மாவை வெளியே கொண்டுவருகிற நாங்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விசாரித்தபிறகுதான் ஊருக்குத் தென்பக்கம் தேடினோம். புயலும் உண்டு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, மாவட்டத்தின் முந்திரித் தோப்பையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. ஆகையால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீடு பூட்டியிருக்கும் என்று இப்போதே முடிவு. பிச்சாவரத்தில் சுனாமியின்போது அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் தப்பின. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு இருந்த இடம் தெரியாமல் போனது. நாங்கள் பார்த்த மனைக்கு முன்னால் அலையாத்தி இல்லை. ஆனால் கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, நடுவில் சவுக்குத் தோப்பும் தெருக்களும் இருக்க, கடல் மட்டத்துக்கு ஐந்து மீட்டர் மேலே இருக்கிறது. ஆற்றிலிருந்தும் விலகியே இருக்கிறது. அலை ஆற்றுவாய் வழியாகவும் ஏறும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களைக் கூப்பிட்டுத் தன் வாசல் நிலையைக் காட்டினார். 2015 நவம்பர் மழைத் தண்ணீர் நின்ற உயரம், நிலைக்கதவின் சாயத்தில் பழுப்புக் கோடாக இன்னும் தெரிகிறது. என் முழங்காலுக்கு ஒரு விரல்கடை கீழே. "கடலு வராதும்மா இங்க. மேலேருந்து வர்ற தண்ணிதான்" என்றார். எந்த வரைபடத்திலும் எனக்குக் கிடைக்காத தகவல் அது. வீட்டின் தளம் அந்தக் கோட்டுக்கு மூன்றடி மேலே வரவேண்டும் என்று அங்கேயே எழுதிக்கொண்டோம். வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் வக்கீலிடம் இருக்கின்றன. போர் தண்ணீரை பாட்டிலில் பிடித்து உப்பு பார்க்கக் கொடுத்திருக்கிறோம். அதில் தேறாவிட்டால் இந்த மனையும் இல்லை.

மேஸ்திரி வரைந்த படத்தில் மாடிப்படி கூடத்துக்குள் இருந்தது. அண்ணன் படத்தை வாங்கி, படியை வெளிச்சுவரோடு, தெருப்பக்கம் திருப்பி வரையச் சொன்னார்.

"வெளில படி வச்சா கண்டவனும் மாடிக்கு ஏறுவாங்களே சார்" என்றார் மேஸ்திரி.

"ஏறணும்ங்க. தண்ணி வந்தா இந்தத் தெருவுல மாடி வீடு இது ஒண்ணுதான். பாட்டி வீட்டுல ஆறு பேரு கீறாங்க" என்றார் அண்ணன்.

உள்ளேயும் ஒரு குறுகலான படி இருக்கட்டும் என்றாள் தங்கை. இரண்டு படிக்கும் சேர்த்து மேஸ்திரி புதுக் கணக்குப் போட்டார். கூடுதல் செலவுக்குத் தம்பி கேட்டிருந்த கடல் பார்த்த பால்கனியை எடுத்துவிட்டோம். அதை அடிக்கச் சொன்னவனே அவன்தான்.