போரிவலிக் காடு செய்த புண்ணியம்

மும்பைக்காரர்களைப் போலக் காட்டின் மேல் உயிரை வைத்திருப்பவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. சதுர அடிக் கணக்கில் மண் விற்கும் நகரத்துக்கு நடுவே சுமார் 104 சதுர கிலோமீட்டர் மலைக்காட்டை இன்னும் விலை பேசாமல் விட்டு வைத்திருக்கிறார்களே, எப்பேர்ப்பட்ட மனசு! போரிவலி தேசியப் பூங்கா என்ற பழைய பெயரில் அரசியல் மணம் குறைவாக இருந்தது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று மாற்றி அந்தக் குறையையும் போக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொண்டு தொடங்கிவிடும். பறவைச் சத்தம் மட்டுமே கேட்டுக் காட்டுக்குச் சலித்திருக்குமே என்று தோளில் ஸ்பீக்கரைச் சுமந்து வருகிறார்கள். காட்டுப் பழம் தின்று நாக்குச் செத்துப்போன குரங்குகளுக்கு சிப்ஸ் ஊட்டுகிறார்கள். குரங்குகளும் நல்ல மாணாக்கர்கள். பாக்கெட்டின் ஓரத்தைப் பல்லால் கிழித்து, கடைசித் தூள் வரை நக்கிவிட்டு, உறையைச் சரியாகக் குப்பைத் தொட்டிக்கு இரண்டடி தள்ளிப் போடப் பழகிவிட்டன.

கன்ஹேரிக் குகைகளுக்கு ஏறினால் நம் கல்வெட்டு ஆர்வம் தெரியும். புத்த பிக்குகளுக்காக மலையைக் குடைந்து செய்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். கல்லிலேயே திண்ணை, கல்லிலேயே மழைநீர்த் தொட்டி. கல்யாண், சோபாரா வணிகர்கள் குகையோ தொட்டியோ வெட்டிக் கொடுத்த பிறகுதான் பிராமி எழுத்தில் பெயர் பொறிக்க முடிந்தது. பாவம், வீண் செலவு. இன்றைய வாலிபருக்கு பைக் சாவி போதும். தன் பெயர், காதலி பெயர், நடுவே அம்பு தைத்த இதயம் என்று ஐந்து நிமிடத்தில் வரலாற்றில் இடம்பிடித்துவிடுகிறார். அவர் தானமே செய்யவில்லை என்றும் சொல்லக் கூடாது. தொட்டியில் மிதக்கும் காலி பாட்டில் யாருடையதாம்?

காடு தெரியும் பால்கனிக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்களின் பொறுப்புணர்ச்சியும் லேசுப்பட்டதல்ல. சிறுத்தை வாலைக் காட்டினால் போதும், 'எங்கள் இடத்தில் அதற்கென்ன வேலை?' என்று வனத்துறைக்குப் போன் பறக்கும்.

அரசுப் பணியென்றால் ஆமை வேகம் என்பவர்கள் பூங்காவை ஒட்டிய ஆரேயை நினைத்துப் பார்க்க வேண்டும். மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றிரவே ரம்பம் பேசத் தொடங்கிவிட்டது. 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் 2,141 மரங்கள் சாய்ந்தாயிற்று. குண்டும் குழியுமான சாலைக்கு இந்தச் சுறுசுறுப்பைக் காட்டி அதன் மகிமையைக் கெடுக்கவில்லை பாருங்கள்!

பதிலுக்குக் காடும் ஏதோ தன்னால் ஆனதைச் செய்கிறது. துளசி, விஹார் ஏரிகளில் மழையைத் தேக்கி நகரத்துக்குக் குடிக்கக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று பூங்காவுக்கு விடுமுறை. நம் சேவை கிடைக்காமல் காடு என்ன பாடுபடுகிறதோ!