முதல் பந்திக்குப் பாயசம் இல்லை

கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடிப்பது சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் நாஷ்வில் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அமெரிக்கக் கன்ட்ரி இசையின் தலைநகரமான அந்த ஊரில் முதல் பந்திக்குச் சோறும் குழம்பும் மட்டும்தான். வடை, பாயசம் எல்லாம் ஒரு வருடம் கழித்து வரும். அதற்கு டீலக்ஸ் எடிஷன் என்று பெயர்.

2008 நவம்பர் 11 அன்று, 18 வயது டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘ஃபியர்லெஸ்’ ஆல்பம் 13 பாடல்களுடன் வெளியானது. அமெரிக்காவில் முதல் வாரமே 5,92,000 பிரதிகள் விற்றன. அப்படி முண்டியடித்து வாங்கியவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன? 2009 அக்டோபரில் ‘பிளாட்டினம் எடிஷன்’ வந்தது. அதில் கூடுதலாக 6 பாடல்கள். அவற்றைக் கடைசியில் சேர்த்திருந்தாலாவது ஆறுதல். ஆல்பத்தின் தலைமாட்டிலேயே வைத்துவிட்டார்கள். பழைய முதல் பாட்டு இப்போது ஏழாவது.

இந்த 6 புதுசிலும் ஒன்று பழசு. ‘ஃபாரெவர் அண்ட் ஆல்வேஸ்’ ஏற்கெனவே ஆல்பத்தில் இருந்த பாட்டுதான். கிதாரையும் டிரம்ஸையும் வெளியே அனுப்பிவிட்டு, பியானோவோடு சோகமாகப் பாடினால் புதுப் பாட்டு!

குறுந்தகடு வாங்கியவர் பழையதைப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். டவுன்லோடு செய்தவருக்கு அந்த வழியும் இல்லை. வாங்கிய டிஜிட்டல் பாட்டை மறுவிற்பனை செய்யக் கிளம்பிய ரீடிஜி நிறுவனத்துக்கு எதிராக 2013இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் மேல்முறையீட்டிலும் அதே கதி. பழைய பேப்பர்காரர்கூட எடுக்காத ஒரே சொத்து டவுன்லோடுதான்.

ஒரே சரக்கை விதவிதமாக விற்பது டிஜிட்டல் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. 2002இல் கன்ட்ரி பாடகி ஷானியா ட்வைன் ‘அப்!’ ஆல்பத்தின் 19 பாடல்களையும் மூன்று நிறங்களில் கொடுத்தார். பச்சை என்றால் கன்ட்ரி, சிவப்பு என்றால் பாப், நீலம் என்றால் நம்மூர் வாத்தியச் சாயல். போத்தீஸில் புடவை எடுப்பது மாதிரிதான்.

இப்போது அமெரிக்க ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலின் கணக்கே வேறு. ஆல்பத்தின் பாடல்களை இணையத்தில் மொத்தம் 1,500 தடவை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதாக வைத்துக்கொள்வோம் என்று 2014 இறுதியில் விதி வந்தது; 2018இல் அந்த எண்ணிக்கை மாறியது. பாட்டு அதிகமானால் கேட்கும் எண்ணிக்கையும் ஏறும் அல்லவா? கன்ட்ரி பாடகர் மார்கன் வாலன் 2021 ஆல்பத்தில் 30 பாடல்கள் கொடுத்தார், 2023இல் 36, 2025இல் 37. டீலக்ஸுக்குக் காத்திருக்கும் தொல்லையே இல்லை. முதல் நாளே திகட்டிவிடும்.

ஃபியர்லெஸ் கதை பிளாட்டினத்தோடு முடிந்ததா? 2019இல் ஸ்விஃப்ட்டின் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை வேறு கைக்குப் போனது. கோபத்தில் அவர் ஃபியர்லெஸ் பாடல்கள் எல்லாவற்றையும் திரும்பப் பாடி, 2021 ஏப்ரலில் 26 பாடல்களோடு மறுபடி வெளியிட்டார். கோபம் நியாயமானதுதான்; பில் வந்தது ரசிகருக்கு. அந்தப் பியானோ பாட்டையும் மறக்காமல் திரும்பப் பாடியிருக்கிறார். ஆக, ‘ஃபாரெவர் அண்ட் ஆல்வேஸ்’ இப்போது நான்கு வடிவங்களில் கிடைக்கிறது. பெயர் வைக்கும்போதே தெரிந்துதான் வைத்திருக்கிறார்.