சேற்றிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

கொழும்புப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் முதன்முதலில் பெரிய கட்டிடத் திட்டம் போட்டவர் பெயர் அழகக்கோனார். காலம், 14ஆம் நூற்றாண்டு. காரணம், நாங்கள்தான்.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி தெற்கில் வரி அறவிட ஆள் வைத்திருந்தார். வரிக்காரனை யாருக்குப் பிடிக்கும்? அழகக்கோனார் அவர்களைப் பிடித்துத் தூக்கில் போட்டுவிட்டார் என்கிறது இராஜாவலிய. (இறைவரித் திணைக்களத்தில் வேலை செய்யும் வாசகர்கள் அடுத்த பந்திக்குப் போகலாம்.) ஆளைத் தூக்கில் போட்டால் பின்னால் படை வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே தியவன்னா ஓயாவும் அதன் சேறும் சூழ்ந்த ஒரு மேட்டைத் தேடிப் பிடித்துக் கோட்டை கட்டினார். இன்றைய ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயின் தொடக்கம் அதுதான்.

அவருடைய திட்டத்தில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. மேட்டில் கட்டினார், சேற்றைச் சேறாகவே விட்டார். யாழ்ப்பாணத்தான் வந்தால் இடுப்பளவு புதையட்டும் என்பது கணக்கு. எதிரி மேலிருந்த பயத்தால் சதுப்புக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, பிற்காலத்தில் எந்த வர்த்தமானி அறிவித்தலாலும் கிடைக்கவில்லை. கொழும்பின் ஈரநிலங்களைக் காத்த முதல் ஆள் என்று ஆரியச்சக்கரவர்த்திக்கு ஒரு விருது கொடுக்கலாம். வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். கொழும்பில் கோட்டை கட்டினார்கள். கோட்டையைச் சுற்றித் தண்ணீர் நிற்பது நல்லது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. இன்று பேரவாவி என்று நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் தண்ணீர்தான் அன்றைக்கு அவர்களுடைய மதில். கோட்டேயைக் காப்பாற்ற முடியாமல் 1565இல் அரசன் தர்மபாலனையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். தலைநகரம் சேற்றைவிட்டு வெளியேறியது அப்போதுதான். அது திரும்பிப் போகும் கதை பின்னால் வருகிறது.

1587இல் சீதாவாக்கை இராஜசிங்கன் பெரும்படையோடு வந்து கொழும்பை முற்றுகையிட்டான். வாவி குறுக்கே நின்றது. வாய்க்கால் வெட்டி வாவியையே வடிக்கச் சொன்னான். ஈரநிலத்தை வற்றவைக்கும் பாரிய திட்டம். அறிக்கை இல்லை, கருத்துக் கேட்பு இல்லை, ஆட்சேபம் தெரிவித்த ஒரே தரப்புப் பீரங்கியால் தெரிவித்தது. அடுத்த வருஷம் முற்றுகையைக் கைவிட்டு அவன் போய்விட்டான். இராஜசிங்கனுக்குப் பின்னால் வந்தவர்கள் அப்படிப் போய்விடுகிற ரகமாக இல்லை.

1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் தண்ணீருக்குப் பழகிய சாதி. கடலுக்குக் கீழே கிடக்கும் ஊரிலிருந்து வந்தவர்கள். சேற்றைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்குக் கொசு ஞாபகம் வரும். அவர்களுக்குக் கறுவாவும் படகுக்கூலியும் ஞாபகம் வந்தது. களனி, நீர்கொழும்பு, புத்தளம் என்று வாய்க்கால்களால் கோத்துவிட்டார்கள். அடிமைகளை அடைத்து வைக்கக் கொம்பனித் தெருவைத் தெரிந்தெடுத்தார்கள்; மூன்று பக்கமும் வாவி, வாவியில் முதலை என்று ஊர்க்கதை. சம்பளம் கேளாத, லீவு எடுக்காத காவலாளியை நியமித்த ஒரே நிர்வாகம் கொழும்பில் அதுவாகத்தான் இருக்கும்.

வாய்க்கால் என்றால் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடும் என்று நினைப்பது மனித இயல்பு. கடலுக்கு அந்த இயல்பு தெரியாது. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. வாய்க்கால் வழியாக உப்புத் தண்ணீர் ஏறி வயல் கெட்டது. அதைச் சீராக்கவென்று வெள்ளைக்காரர் 1802இல் இன்னொரு வாய்க்கால் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தார்கள். ஹமில்டன் கால்வாய் என்று பெயர். உப்புத் தண்ணீர் வெளியே போகத்தான் வெட்டினார்கள். திறந்த வழியால் கடல் இன்னும் வசதியாக உள்ளே வந்தது. நெல் போனது போனதுதான். வயல் சதுப்பாகி, சதுப்பில் பறவைகள் குடியேறி, 1996இல் அதன் ஒரு பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார்கள். தோல்வியில் முடிந்த ஒரு பொறியியல் வேலையால் பிழைத்த உயிர்கள் அங்கே ஏராளம். அதற்குப் பிறகும் விட்டார்களா? குப்பை போனது, மின்நிலையம் போனது, 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் போனது.

வெள்ளவத்தைக்காரர் கவனிக்க வேண்டிய ஆள் இனித்தான் வருகிறார். சார்ள்ஸ் பீற்றர் லேயார்ட், மேல் மாகாண அரசாங்க அதிபர், கொழும்பின் முதல் மேயர். களனி பெருகினால் நகரத்தின் பின்பக்கத் தாழ்நிலமெல்லாம் தண்ணீர் நிற்கும். அதைக் கடலுக்குக் கொண்டுபோக 1870களில் கிருலப்பனைப் பக்கமிருந்து வெள்ளவத்தை வரை ஒரு கால்வாய் வெட்டுவித்தார். எதிர்பார்த்த அளவுக்குத் தண்ணீர் வடியவில்லை. ஊர் சும்மா இருக்குமா? ‘லேயார்டின் அசட்டுத்தனம்’ என்று கால்வாய்க்குப் பட்டம் கட்டிவிட்டது. கொட்டாஞ்சேனைக்கு அந்தப் பக்கம் கிராண்ட்பாஸில் லேயார்ட்ஸ் புரோட்வே என்று அந்தப் பெயரில் ஒரு வீதியே இருக்கிறது. நகரத்தின் வடக்கில் மரியாதை, தெற்கில் கேலி. ஆனால் இன்றைக்கு வெள்ளவத்தையின் மழைத் தண்ணீர் கடலுக்குப் போவதற்கு நம்பியிருப்பது அந்த அசட்டுத்தனத்தைத்தான். புத்திசாலித்தனமாகச் செய்தவையெல்லாம் அதன் இரு கரையிலும் பத்து மாடி உயரத்துக்கு நிற்கின்றன.

வெள்ளைக்காரன் போனான். சேற்றை அடக்குகிற வேலையை நாங்களே பொறுப்பெடுத்தோம். 1968இல் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென்றே 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு சபை பிறந்தது. யாரிடமிருந்து மீட்பது என்று சட்டம் சொல்லவில்லை. தவளையிடமிருந்து, கொக்கிடமிருந்து, மீன்பிடிப் பூனையிடமிருந்து என்று நாங்களாக விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். சபை பிறகு கூட்டுத்தாபனமாகிப் பெயரும் மாறிற்று. நிரப்பப் பிறந்த அதே நிறுவனம்தான் இப்போது ஈரநிலப் பூங்காக்களைப் பராமரிக்கிறது. மரப்பாலம் போட்டு, டிக்கெட் வெட்டி, மிச்சமிருக்கும் சேற்றை எங்களுக்குக் காட்டுகிறது.

தலைநகரம் சேற்றுக்குத் திரும்பியது 1982இல். ஜே.ஆர். ஜயவர்த்தன முடிவெடுத்தார், ஜெப்ரி பாவா வரைந்தார். தியவன்னாச் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவாக நின்ற மேட்டில் பாராளுமன்றம் எழுந்து, ஏப்ரல் 29ஆம் திகதி திறக்கப்பட்டது. 417 வருஷத்துக்குப் பிறகு அழகக்கோனாரின் யோசனை சரியென்று ஆயிற்று. கட்டிடம் அழகு, அதில் பேச்சில்லை. நகைச்சுவை அதற்குப் பிறகுதான். 1988இல் தேசிய சுற்றாடல் சட்டத்தைத் திருத்தி, பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்றார்கள். சதுப்பில் கட்டிக் குடிபுகுந்த பிறகு, கட்டுமுன் யோசிக்க வேண்டும் என்று அந்தக் கட்டிடத்துக்குள் இருந்தே கையுயர்த்தியிருக்கிறார்கள்.

சட்டப்படி அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துச் சொல்ல 30 நாள் தவணை. தண்ணீருக்குப் பத்திரிகை வாசிக்கும் பழக்கமில்லாதபடியால் தவணையைத் தவறவிட்டது. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. நிரப்பிய இடமெல்லாம் தன் பழைய முகவரி என்று தண்ணீர் வீடு வீடாக ஏறியது. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. வாக்குக் கேட்டு ஊருக்குள் வந்த உறுப்பினர்களைக் கண்டிருக்கிறோம். கணக்குக் கேட்டுச் சபைக்குள் வந்த வெள்ளத்தை அன்றைக்குத்தான் கண்டோம்.

இந்தக் கதையில் சேறு வழக்கில் ஜெயித்த இடமும் உண்டு. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று அரசு சனத்திடமிருந்து சுவீகரித்த தாழ்நிலம் ஒன்று, காலப்போக்கில் ஒரு தனியார் கம்பனியின் கோல்ஃப் மைதானமாக மாறியிருந்தது. மழை நீர் தேங்கி நிற்க வேண்டிய இடத்தில் சின்ன வெள்ளைப் பந்தைக் குழிக்குள் தள்ளுவது எந்தப் பொதுத் தேவை என்று இரண்டு பிரஜைகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008 ஒக்டோபர் 8ஆம் திகதி தீர்ப்பு. காணிக் கைமாற்றம் செல்லாது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா கட்ட வேண்டும். ஒரு சதுப்புக்காக நாட்டின் முன்னாள் தலைவர் கையைக் கடித்துக்கொண்டது அரிது. வோட்டர்ஸ் எட்ஜ் என்ற அந்த இடம் இப்போது நகர அபிவிருத்தி அதிகாரசபையின் சொத்து. அங்கே கல்யாணங்கள் அமோகமாக நடக்கின்றன. சேறு மட்டும் திரும்பி வரவில்லை.

பெரிய திட்டங்களின் கதை இது. சின்னத் திட்டங்களுக்கு வேறு இலக்கணம். சதுப்பு ஓரத்தில் முதலில் நாலு வாழைக்கன்று வரும். வாழைக்கு அடியில் கொஞ்சம் மண் வேண்டுமே, ஆகவே இரவு பதினொரு மணிக்கு ஒரு டிப்பர் வரும். விளக்கை அணைத்துக்கொண்டு பின்பக்கமாக ஊர்ந்து வந்து, எங்கேயோ உடைத்த வீட்டின் கல், ஓடு, குளியலறை டைல் துண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கதவு மூட நேரமில்லாமல் தடதடவென்று போய்விடும். அதன்மேல் கிரவல். அதன்மேல் தகர வேலி. பிறகு ஒரு கரண்ட் மீற்றர். மீற்றர் வந்தால் பில் வரும், பில் வந்தால் ‘நாங்கள் இங்கே கனகாலம்’ என்று காட்ட ஆதாரம் வரும். கடைசியில் சாமி வருவார். புத்தரா, பிள்ளையாரா, மாதாவா என்பது அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. சாமி வந்துவிட்டால் பிறகு புல்டோசர் வராது.

இந்த இலக்கணத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. 1993இல் வந்த வர்த்தமானிப்படி, 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை மீட்டால்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் வரும். 4 ஹெக்டேயர் என்பது ஏறக்குறைய 1,580 பேர்ச். தலைக்குப் பத்துப் பேர்ச் வீதம் 158 பேர் தனித்தனியாக நிரப்பினால் அது திட்டமே இல்லை. நிரப்ப அனுமதி, மாநகரசபை, பிரதேச சபை என்று தனித்தனி மேசைகளில் தனித்தனிக் கோப்பு. ஒவ்வொரு கோப்பும் சுத்தம். 158 கோப்பையும் சேர்த்துப் பார்க்கிற மேசை எங்கே இருக்கிறது என்று கேட்டால், போன கந்தோருக்கே திரும்பிப் போகச் சொல்வார்கள். 1980களுக்குப் பிறகு கொழும்பு தன் ஈரநிலத்தில் சுமார் 40 வீதத்தை இழந்திருக்கிறது. அதில் பெரும் பங்கு இப்படிச் சில்லறையாகப் போனது என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சிரிக்க முடியாத ஒரு பந்தியும் இதற்குள் இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் புளூமெண்டல் குப்பைமேட்டை மூடச் சொன்னபோது நகரத்தின் குப்பை கொலன்னாவைத் தாழ்நிலத்துக்கு, மீதொட்டமுல்லைக்குப் போனது. எங்கள் வாசலிலிருந்து போனால் சரி என்று இருந்தோம். 2017 ஏப்ரல் 14, சித்திரை வருஷப்பிறப்பு நாள். மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். அந்தச் சனம் வருஷக்கணக்காக மனு எழுதிக்கொண்டும் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டும் இருந்தது.

அடுத்த வருஷம் கௌரவம் தேடி வந்தது. 2018 ஒக்டோபர் 25ஆம் திகதி டுபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில் கொழும்பு ‘ஈரநில நகரம்’ என்று அங்கீகாரம் பெற்றது. உலகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் தலைநகரம். மறுநாள் காலையில் இதைக் கொண்டாடியிருப்போம். ஆனால் மறுநாள் நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் கிடைத்துவிட்டார்கள். பத்திரிகையில் கொக்குக்கு இடம் கிடைக்கவில்லை.

எல்லாப் பழியையும் அரசர்கள் தலையிலும் அமைச்சர்கள் தலையிலும் கட்டிவிட்டுக் கையைக் கழுவ எங்களுக்கும் ஆசைதான். ஆனால் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு பார்க்கிறவர் என்ன கேட்கிறார்? வாசல் கிழக்கா, லிஃப்ட் இரண்டா, காலி வீதிக்கு எத்தனை நிமிஷ நடை? ரொறன்ரோவிலிருந்து மகன் வட்ஸ்அப்பில் கேட்பான்: “அப்பா, பிறகு வித்தால் விலை போகுமோ?” தரகர் தம்பி பல்கனிக் கதவைத் திறந்து கால்வாயைக் காட்டி, “பாருங்கோ ஐயா, வோட்டர் வியூ” என்பார். கதவை உடனே மூடியும் விடுவார், மணம் வந்துவிடுமல்லவா. கீழே உள்ள கார்த் தரிப்பிடம் கால்வாய் மட்டத்துக்கு மேலா கீழா என்று ஐயா கேட்கமாட்டார். கேட்டால் தம்பிக்கும் தெரியாது. தம்பிக்கு அனுமதிப் பத்திரத்தின் நிறம் தெரியும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பெரிய திட்டம் ஒன்றின் சுற்றாடல் அறிக்கை பார்வைக்கு வந்தால், அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டும் என்பது சட்டம். மரண அறிவித்தல் பக்கத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கிற நாங்கள், பக்கத்தைப் புரட்டி அதையும் ஒருமுறை பார்க்கலாம். அறிக்கை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அதிலேயே இருக்கும். போய் வாசித்து, 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். தமிழில் கொடுங்கள், வாங்கத்தான் வேண்டும். பத்தரமுல்லைக் காணிக்கு இரண்டு பேர் போதுமாயிருந்தது.