நம்ம தூணு குப்பை, அடுத்தவன் தூணு ஆன்டிக்

வாடா பேராண்டி. பூட்டன் கட்டுன வீட்டை இடிக்கப் போறியாமே? ஜேசிபிக்கு அட்வான்சும் குடுத்தாச்சாமே? நடக்கட்டும். மத்தியானத்துக்குள்ள தரைமட்டம். சாயங்காலம் அம்புட்டும் கம்மாய் வரத்துக்கால்ல. கட்டட இடிபாட்டை எங்க கொட்டணும்னு 2016லயே சர்க்கார் விதி போட்டுருச்சு. அதை யாரு படிச்சா?

பொறவு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கார்ல போவே. எவனோட பூட்டன் வீட்டுத் தூணோ அங்கன நிக்கும். 'ஆன்டிக்'கும்பான் கடைக்காரன். வாயப் பொளந்துக்கிட்டு வாங்கியாருவே. இதாவது பரவால்ல. புது மேசையச் சங்கிலியால அடிச்சு, ஆணியால கீறிப் பழசாக்கி விக்கிறானாமே! அதுக்கும் ஆளு நிக்கிதாமே!

கடப்பாறை புடிக்கத் தெரிஞ்ச நாலு ஆளை விட்டு, மேலருந்து கீழ பிரிச்சுப் பாரேன். மொதல்ல ஓடு, அப்புறம் கைமரம், நெலை, சன்னல், கடேசியாச் செவரு. நம்மளது சுண்ணாம்புக் காரை. தட்டுனா செங்கல்லு முழுசா வரும். சிமெண்டுச் செவருன்னா கல்லு ஒடையுமே தவிர பூச்சு விடாது. ஒடஞ்சதையும் வீசிப்புடாதே, ஜல்லியாத் தட்டிச் சுண்ணாம்போட மொட்டமாடிக்குப் போடு. அந்தப் பர்மாத் தேக்கு நெலை உங்கப்பன் பொறக்குமுன்னயே காஞ்சது. இனிமேயா வளையப் போகுது? நீ வாங்குற பச்சை மரம் வர்ற ஐப்பசிலயே கதவைச் சாத்த விடாது.

கெழவன் பேச்சு ஏறாதுன்னா வெள்ளக்காரன் பேச்சைக் கேளு. பர்மிங்காம்ல பொறந்த ஆர்க்கிடெக்ட்டு லாரி பேக்கரு, திருவனந்தபுரத்துல உக்காந்து பழைய கதவு, சன்னலு, ஒடஞ்ச ஓட்டுச் சில்லு, காலிப் பாட்டில்னு எல்லாத்தையும் வீட்டுக்குள்ள ஏத்துனாரு. காங்கிரீட் தளத்துக்குள்ள பழைய ஓட்டைப் பொதிச்சுச் சிமெண்டை மிச்சம் புடிச்சாரு. 1990ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. நம்ம அப்பத்தா பழைய ஓட்டைக் கொல்லையில அடுக்கி வச்சா அவளுக்குக் கஞ்சம்பத்திப் பட்டம்!

அதுக்குன்னு எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அழுவாதே. செல்லரிச்ச மரம் அடுப்புக்கு. துருவேறுன கம்பி எடைக்கு. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை மட்டும் தட்டி ஒடச்சுப்புடாதே, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

ஜேசிபி வாரதுக்குள்ள ஒரு சோலி பாரு. நம்ம நெலையப் போட்டோ எடுத்துக்கிட்டு அந்தக் கடைக்குப் போ. இது மாதிரி வேணும், என்ன வெலைன்னு கேளு. சொல்லுவான். அப்புறம், இதை விக்க வந்தேன், எம்புட்டுக்கு எடுப்பீகன்னு கேளு. ரெண்டையும் எழுதிக்கிட்டு வா, காப்பி போடச் சொல்றேன்.